ஜெனிட்டா, லெவல் இரண்டு

2 ஜூன் 2024

மன்னித்துக்கொள், அக்கா. இது உன் டைரி. போன வருடத்தினுடையது என்பதால் கிழமைகள் ஒத்துவரவில்லை. தேதியை வைத்துக்கொண்டு கிழமையை அடித்துவிடுகிறேன். ஜனவரியில் நீ எழுதிய நாலு பக்கத்தை நான் படிக்கவில்லை. ரப்பர் பேண்டு போட்டுவிட்டேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது, அதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. மதியம் இரண்டிலிருந்து இரவு பதினொன்று வரை ஷிஃப்ட். அதன் பிறகு நம் ஊர் கோரமண்டலுக்கு ரயில் கிடையாது. அங்கேயே பி.ஜி. விடுதியில் தங்க வேண்டும். 28-ஆம் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள். ஜூலை 8 சேர வேண்டும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நீயும் பி.ஜி.யில்தான் இருந்தாய். நாலு நாள் போனில், சாதாரணக் காய்ச்சல்தான்மா என்றாய். ஐந்தாம் நாள் உன் ரூம்மேட் பேசினாள். அம்மா ஓடிப் போய்ப் பார்த்தபோது நீ —

வேண்டாம்.

4 ஜூன்

பெரியம்மா மகன் ஷெர்வின் துபாய் போகும்போது தன் கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். வாரத்துக்கு இரண்டு தடவை போட்டு வை, இல்லாவிட்டால் செத்துவிடும் என்றான். பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேட்டிலிருந்து காற்று அடித்தால் கீபோர்டெல்லாம் மாவு தூவியதுபோல ஆகிவிடுகிறது. துடைத்துவிட்டு, அதில் இருந்த விளையாட்டுகளில் ஒன்றைத் திறந்தேன். கோட்டை, காடு, பறக்கும் பாம்பு எல்லாம் இருக்கிற விளையாட்டு. உள்ளே போக முதலில் ஓர் ஆளைச் செய்ய வேண்டும்.

இரண்டரை மணி நேரம் ஆனது. வில்லாளி, திருடி, வைத்தியச்சி என்று நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு கையில் வாளும் மறு கையில் மந்திர நெருப்பும் வைத்திருப்பவளை எடுத்தேன். பங்கு போட இருபது புள்ளிகள் தந்தார்கள். பலம் ஆறு, வேகம் நாலு, மந்திரம் பத்து. பேச்சுக்கு ஒன்றும் இல்லை. இப்படி விட்டால் ஊர்க்காரர்கள் பேசும்போது உன்னால் பதில் சொல்ல முடியாது என்று ஓர் எச்சரிக்கை வந்தது. பரவாயில்லை, பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.

முகம்தான் நேரம் எடுத்தது. அவர்கள் வைத்திருந்த முகம் ஒன்றும் பிடிக்கவில்லை. போனில் என் போட்டோவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தினேன். தோல் நிறங்களின் வரிசையில் கடைசிக்கு இரண்டு முன்னால் நிற்பது என் நிறம். அகல மூக்கு. குழாயடியில் விழுந்ததில் பிளந்துபோன இடது புருவம். என் முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. கடைசியில் உள்ளங்கையில் நீல நெருப்பை ஏற்றினேன். வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

நன்றாக இருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. நன்றாக இருந்தேன்.

பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். என் பெயரை அடிக்கக் கூச்சம்.

5 ஜூன்

அம்மா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. ஐந்தரைக்கு வந்தாள். நான் திரையை அணைக்கவில்லை. தோளிலிருந்து பையை இறக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"ஜெனி" என்றாள்.

உன் பெயர், அக்கா. என்னைக் கூப்பிடவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"இத எப்பிடிடி பண்ண? போட்டோ வச்சா?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன். என் தப்பெல்லாம் இந்தச் சிரிப்பில்தான் ஆரம்பிக்கிறது. பெயர் எழுதும் இடம் எது என்று கேட்டாள். காட்டினேன். போடு என்றாள்.

ஜெனிட்டா என்று போட்டேன்.

இன்று ராத்திரி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். பதினாறு மாதத்தில் முதல் தடவை.

9 ஜூன்

கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா சேலைகூட மாற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கையில் என்ன அது என்று கேட்டாள். மந்திரம் என்று சொல்லிவிட்டேன். முகம் மாறிவிட்டது. நம் வீட்டில் மந்திரமா, பாஸ்டர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்றாள். ஜெபம் மாதிரிதான்மா, கேட்டால் வெளிச்சம் வரும் என்று ஏதோ உளறினேன். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "அப்போ சரி." அதன் பிறகு ஒவ்வொரு தடவை நெருப்பு எரியும்போதும் வாய்க்குள் ஆமென் சொல்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பார்வதம்மா ஐஸ் வாங்க வந்தவர் அப்படியே நின்று அம்மாவைக் கேட்டார்.

"இன்னா ஐடா, ஜெனி கையில கத்தி இன்னாத்துக்கு? எறும்புக்கு வழி உட்டுப் போற பொண்ணு."

"ஆபீசுக்குக் கிளம்பினு கீறான்னு வச்சிக்கோயேன்."

"இந்தத் துணியிலயா? எந்த ஆபீசுல சேத்துக்கறான்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவின் பல் தெரிந்தது. போகும்போது பார்வதம்மா, நம்ம ஹெப்சி மாதிரியும்தான் இருக்குது என்று என்னைக் காட்டினார். அம்மா திரையைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரிக்கிற ஆளிடம் போய் எதைச் சொல்வது?

12 ஜூன்

கோட்டைக் கதவுக்கு வெளியே ஓர் ஓநாய். ஒரே ஒரு அடிதான் பட்டது. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "அவள அடி வாங்க உடாத." இனி வெளியே கூட்டிப்போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஊருக்குள் நடக்கலாம். கிணறு, சந்தை, குதிரை லாயம், கிணறு.

16 ஜூன்

இன்று என் மூக்கு போயிற்று.

ஊருக்குள் ஒரு நாவிதர் கடை இருக்கிறது. உள்ளே போனால் முகத்தைத் திருத்திக்கொள்ளலாம். தெரியாமல் அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். மூக்கு இவ்வளவு அகலம் இல்லை, ஜெனிக்கு எடுப்பான மூக்கு என்றாள். நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம் என்றாள். பிறகு உதட்டுக்குக் கீழே மச்சம். அது எங்கே இருந்ததென்று என் மோவாயில் விரல் வைத்துக் காட்டினாள். விரல் என் மேல் இருந்தது, கண் திரையில் இருந்தது.

18 ஜூன்

ஷெர்வின் துபாயிலிருந்து கூப்பிட்டான். நான் எவ்வளவு ஆடியிருக்கிறேன் என்பது அவனுக்கு அங்கே தெரிகிறதாம்.

"இன்னா ஹெப்சி, இருபத்தாறு மணி நேரம் ஆடி இன்னும் லெவல் டூவா? ஆடு மேய்க்கிறியா அதுல?"

அம்மாவுக்காக என்றேன். அப்போ கம்ப்யூட்டர் உங்க வீட்லயே இருக்கட்டும் என்றான்.

20 ஜூன்

புருவத்தின் பிளவை மூடச் சொன்னாள். மூடினேன்.

22 ஜூன்

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். இன்னும் பதில் வரவில்லையே மேடம் என்றாள் கன்னடத்தில் ஒரு பெண். சொல்கிறேன் என்றேன். போனை வைத்த கையோடு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நிறுத்தினால் வாய் மூடிக்கொள்ளும் என்று தெரியும், அதனால் ஷிஃப்ட், பி.ஜி., தேதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பி.ஜி. என்ற சொல்லுக்கு மட்டும் கண்ணை மூடித் திறந்தாள்.

"இவள போட்டுக் காமி" என்றாள்.

போட்டேன். கிணறு, சந்தை, லாயம்.

நீ பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்தியது நான் படிக்கத்தான், அக்கா. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. பாலிதீன் உறையில் பீரோவுக்குள் இருக்கிறது. அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. நானும் போனால் அம்மா தனி. எல்லாம் தெரியுது. தெரிஞ்சும் எனக்குப் போகணும்னு இருக்குது. நான் கெட்டவளா?

25 ஜூன்

கண்ணையும் மாற்றியாகிவிட்டது. முழுக்க அக்கா. நான் எங்கேயும் இல்லை.

26 ஜூன்

சாயங்காலம் வழக்கம்போல உட்கார்ந்தோம். கிணற்றைச் சுற்றினேன். சந்தைக்குப் போனேன். அப்புறம், ஏன் என்று தெரியவில்லை, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

அம்மா, வேணாம்டி என்றாள். நான் போய்க்கொண்டே இருந்தேன். ஓநாய் இரண்டு வந்தன. என்னால் முடியும். பத்துப் புள்ளி மந்திரம் இருக்கிறது, கேடயம்போல நெருப்பைப் பிடிக்கத் தெரியும். தெரியும்னா தெரியும். ஆனால் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்படி ஒரு பிடி. நெருப்பை ஏற்ற முடியவில்லை. வாளையும் எடுக்க முடியவில்லை. திரையில் ஜெனிட்டா சும்மா நின்று அடி வாங்கினாள். முழங்காலில் விழுந்தாள். திரை கறுத்தது.

அம்மா பிடியை விடவே இல்லை.

இந்த விளையாட்டில் செத்தால் ஊருக்குள் சத்திரத்துக் கட்டிலில் கண் விழிப்பார்கள். விழித்தாள். போர்வையை விலக்கி எழுந்து நின்றாள்.

"எழுந்துட்டா" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். என் கையை விட்டாள். உள்ளே போய் அரிசி களைந்தாள். தண்ணீர் விடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

27 ஜூன்

காலையில் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அது அக்கா இல்லம்மா. மொதல்ல நான் செஞ்சது என் மூஞ்சி."

கத்தி நிற்கவில்லை.

"தெரியும்."

"எப்போ?"

"அன்னிக்கே. பெத்தவளுக்கு மூக்கு தெரியாதா?"

அப்படியானால் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னது தெரிந்தேதான். என் முகம் அது என்று தெரிந்தே. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அழுகைதான் வருகிறது, வேறு எதுவும் வருவதில்லை. ஏம்மா என்றேன்.

"நீதான் ஊட்லயே கீறியே. அவள நான் எங்க போய்ப் பாக்கறது?"

முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நறுக்கியதைக் கழுவிவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "நீயும் போயிட்டா இத யாரு போடறது?"

போகாதே என்று சொல்லவில்லை. இரண்டு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை.

"எப்பிடிப் போடறதுன்னு சொல்லித் தரேன்மா" என்றேன்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

28 ஜூன்

வருகிறேன் என்று மெயில் அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் காட்டினேன். தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். எழுந்துபோய்க் கொடியில் இருந்த துணியை எடுத்தாள். காயாத துணி.

2 ஜூலை

நடப்பதற்கு நாலு பட்டன். அவற்றின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை வெட்டி ஒட்டியிருக்கிறேன். அம்மா மவுஸைத் தொடப் பயப்படுகிறாள். ஜெனிட்டாவைச் சுவரில் முட்டவைத்துவிட்டு, ஐயோ மன்னிச்சிக்கோ கண்ணு என்கிறாள். எனக்கு ஒரு தடவை சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது.

7 ஜூலை

நாளை காலை ரயில்.

பை கட்டியாகிவிட்டது. அம்மா சாயங்காலம் முழுவதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தனியாகவே கிணற்றுக்குப் போகிறாள், தனியாகவே திரும்புகிறாள். கதவுப் பக்கம் போவதில்லை. நாளைக்குக் கிளம்புறேன்மா என்றதற்கு, ம் என்றாள். ஸ்டேஷனுக்கு வருவாளா என்று கேட்கவில்லை.

பையில் சீப்பு வைக்கப் போனபோது அடியில் என்னமோ தட்டுப்பட்டது. கைக்குட்டையில் சுற்றிய தெர்மாமீட்டர். புதிது, கவர்கூடப் பிரிக்கவில்லை. கூடவே ஒரு பட்டை காய்ச்சல் மாத்திரை. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் அம்மாவின் குண்டு குண்டு எழுத்து. பள்ளிக்கூட ஆபீஸ் நம்பர், பார்வதம்மா வீட்டு நம்பர். கீழே ஒரு வரி: நூறு தாண்டினால் அன்றைக்கே சொல், சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லாதே.

எப்போது வைத்தாள்? எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

இருந்தது இருந்தபடியே திரும்பச் சுற்றி வைத்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அக்கா, நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. நீ படிக்காமல் நின்றபோதுகூடக் கேட்காமல்தான் எடுத்துக்கொண்டேன். அம்மாவை நீயே வைத்துக்கொள், வாரத்தில் ஆறு நாளும். நான் ஞாயிற்றுக்கிழமை வருவேன். அம்மா என்னையும் பார்க்கணும். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீ கொஞ்சம் தள்ளி உக்காரு.