அந்தச் சிரிப்பு அவனுடையதுதான்

குவாயாகில்
செப்டம்பர் 3

அன்பு மகள் மாரிலூசுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம், அதற்குமேல் நலம் என்று எழுத இந்த வாரம் கை வரவில்லை. அங்கே நீயும் மருமகனும் குட்டி ஆல்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் மாதா படத்தின் முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன், வாய்விட்டுக் கேட்க முடியாததால் மனதுக்குள். டாக்டர் இன்னும் என்னைப் பேச விடவில்லை. குரல்வளையில் ஒரு குருத்தெலும்பு விரிசல் விட்டிருக்கிறதாம், முணுமுணுப்பதுகூடக் கூடாதாம். நீ போன் செய்தபோதெல்லாம் அப்பாவே எடுத்து நன்றாக இருக்கிறாள் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டார். நீ அவரிடம் ஒரு கேள்வி கேட்டாயாம், அதற்கு அவர் லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டாராம். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஓரிடத்தில் உட்கார்ந்து படி, பாக்கிங் ஷெட்டில் வேலைக்கு நடுவில் படிக்காதே.

படம் வெளியானது உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து டிவியில் ஓடுகிற, நான் குரல் கொடுக்கிற கார்ட்டூன் ஓணான் கிழவி, நம் டோன்யா சிரிலாவைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்து, பூங்கா மரத்தைவிட்டுக் கலாபகோஸ் தீவுக்குப் போய் அங்கிருக்கும் கடல் இகுவானாக்களுக்கெல்லாம் நான்தான் ராணி என்று அடம்பிடிக்கிற கதையாக எடுத்திருந்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்கே பதிவு நடக்கும்போது வயிறு வலித்தது. மாலில் இருக்கிற தியேட்டர்களில் நன்றாக ஓடியது. ஆனால் டிக்கெட் வாங்க முடியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கும் காட்டுவோம் என்று நான்தான் கம்பெனிக்காரர்களை நச்சரித்தேன். தெற்கே உப்பங்கழி ஓரத்துக் குடியிருப்பில் கூரை போட்ட கூடைப்பந்துத் திடல் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொள்கிற வாஷிங்டன் அயோவி உடனே சரி என்றார். அவருக்கு ஏற்கெனவே ஒரு தொல்லை இருந்தது. திடலின் சாமான் அறைச் சாவியைக் கொடு, எங்கள் சரக்கை வைக்க வேண்டும் என்று கும்பல்காரர்கள் கேட்டு, இவர் முடியாது என்று சொல்லியிருந்தார். நீங்கள் கொஞ்ச நாள் எங்காவது போய் இருக்கக்கூடாதா என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்தார். "இத்தன புள்ளைங்க இருக்கற எடத்துக்கு எவன் வருவான், தாயி? அவனுங்களும் ஒரு தாய் பெத்த புள்ளைங்கதான?" என்றார்.

மத்தியான வெயில் தெரியாதபடி பக்கங்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வாழைக்காய் வறுவலைக் கொறித்துக்கொண்டு பார்த்தார்கள். சிரிலா ஒவ்வொரு தடவையும் "என் வால மிதிச்சது யாரு?" என்று கத்த, "நாங்க இல்ல!" என்று கூரை அதிரப் பதில் சொன்னார்கள். பாதிப் படம் போயிருக்கும். முன்வாசல் பக்கம் படபடவென்று சத்தம், யாரோ வெடி போடுகிறார்கள் என்று நினைத்தேன், கூரைத் தகடு ஒன்று கிழிந்து வெளிச்சம் உள்ளே விழுந்தபோதுதான் புரிந்தது. நான்கு பேர், முகத்தை மூடியிருந்தார்கள், கையில் நீளத் துப்பாக்கிகள். டிக்கெட் கிழிக்கிற மாதிரி விளையாட்டுக்காக வாசலில் நின்றிருந்த பெரியவரை அடித்த அடியில் அவர் பற்கள் தரையில் சிதறின. ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், அவள் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி முதுகில் மிதித்தார்கள். "அயோவி எங்கடா? அயோவி வரட்டும்!" என்று ஒருவன் மேலே பார்த்துச் சுட்டுக்கொண்டே இருந்தான். பிள்ளைகள் நாலா பக்கமும் எழுந்து ஓடப் பார்த்தார்கள், ஓடினால் குண்டுபட்டு விழுவார்கள். பிள்ளைகளை வரவேற்றுப் பேசிய மைக் இன்னும் என் கையில் இருந்தது. படுங்க, எல்லாரும் குப்புறப் படுங்க என்று கத்தினேன். பயத்தில் என் குரல் என்னை அறியாமல் மேலே ஏறி சிரிலாவின் குரலாக வந்துவிட்டது.

தலைவன் மாதிரி இருந்த குட்டையன் சுடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "டேய், இது அந்த ஓணான் கெழவியோட கொரல்டா!" என்றான். பக்கத்தில் வந்து துப்பாக்கி முனையை என் கன்னத்தில் வைத்தான், சூடாக இருந்தது, இப்போது ஊரெல்லாம் சுற்றுகிற வீடியோவில் என் கன்னத்தில் நீ பார்த்த சிவப்பு அந்தச் சூடுதான். இன்னொரு கையில் போனை எடுத்து, "பேசு. என் தங்கச்சிக்கு அனுப்பணும், சின்ன வயசுல அவ உன் பைத்தியம்" என்றான். மகளே, அந்த நேரத்தில்தான் நான் பார்த்தேன், அயோவியின் மனைவி நார்சீசா பின்வரிசையில் தவழ்ந்துபோய்ப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் காலைப் பிடித்து இழுத்து, சமையலறைக்குப் போகும் சின்னக் கதவு வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். இவன் திரும்பக் கூடாது. அதனால் பேசினேன். ராணி கிரீடம் கேட்கிற வசனம், மேயரைத் திட்டுகிற வசனம், தெரிந்ததையெல்லாம் பேசினேன், இடுப்பில் கை வைத்து ஆடினேன். "என் வால மிதிச்சது யாரு?" என்று கேட்டேன். தரையில் முகம் புதைத்துக் கிடந்த பிள்ளைகள் அழுதுகொண்டே "நாங்க இல்ல" என்றார்கள். துப்பாக்கிக்காரர்கள் சிரித்தார்கள். வாசலை மறித்து நின்றவனும் சிரித்தான், மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, சைக்கிள் பம்பு அடிக்கிற மாதிரி.

நீ கேட்டது அந்தச் சிரிப்பைத்தானே. ஆமாம் மகளே. அது தரியோதான். உன் ஞானத்தாய் தெயோனிலா பெற்ற பிள்ளை, நம் சாப்பாட்டு மேசையில் உன்னோடு உட்கார்ந்து பாடம் எழுதியவன், நீ ஸ்பெயினுக்குப் போகுமுன் ஏர்போர்ட்டில் தூணுக்குப் பின்னால் நின்று அழுதவன்.

அப்புறம் சமையலறையில் ஏதோ பெரிய பாத்திரம் விழுந்தது. குட்டையன் திரும்பிப் பார்த்தான், பின்வரிசை காலி. "எங்களையே ஏமாத்துறியா?" என்று துப்பாக்கியைத் திருப்பி அதன் கட்டையால் என் தொண்டையில் இடித்தான். மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தேன், வாயில் ரத்தம். கீழே விழுந்த என் வயிற்றில் இரண்டு முறை உதைத்தான். மூன்றாவது உதை விழுவதற்குள் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அயோவி தானாக வெளியே வந்தார். கைகளைத் தூக்கியபடி, "என்னத் தேடித்தான வந்தீங்க? அந்தம்மாவ விடுங்க, புள்ளைங்க பாக்குதுங்க, வெளிய போயிடலாம்" என்றார். வெளியே போகவில்லை. அங்கேயே, திரைக்கு முன்னால், மண்டியிட வைத்தார்கள். குட்டையன் வாசல் பக்கம் பார்த்து, "நீ முடி" என்றான். தரியோ நடந்து வந்தான். அவன் கை நடுங்கியிருந்தால் உனக்கு அதை எழுதியிருப்பேன். நடுங்கவில்லை. சுட்டான், விழுந்த பிறகும் சுட்டான். புரொஜெக்டரை யாரும் நிறுத்தவில்லை. கிழிந்து ரத்தம் தெறித்த திரையில் சிரிலா ஆடிக்கொண்டிருந்தாள். நான் மூச்சுக்குத் திணறிக் கிடக்கிறேன், ஸ்பீக்கரில் என் குரல் பாடுகிறது. அவர்கள் போன பிறகும் அந்தப் பாட்டு முடியவில்லை.

வீடியோவில் இருப்பது என் ஆட்டமும் அவர்கள் சிரிப்பும் மட்டும். அதற்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லை. அதனால் கொலைகாரனுக்குக் கூத்துக் காட்டினவள் என்று என்னென்னவோ எழுதுகிறார்கள், நீ அவர்களோடு சண்டை போடாதே. நார்சீசாவுக்குத் தெரியும், எனக்கு அது போதும். கணவனைப் பெட்டியில் வைத்திருந்த வீட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆகல, சொராய்டாம்மா, ஒண்ணுக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்னப் பெண் ஒருத்தி என் பாவாடையை இழுத்து, சிரிலா கடைசியில் ராணி ஆனாளா என்று கேட்டாள், பாதியில் விட்டுவிட்டார்களே. என்னால் பேச முடியாது. இல்லை என்று தலையாட்டி, கைகளால் நீந்திக் காட்டி, ஊருக்கே திரும்பி வந்துவிட்டாள் என்று சைகை செய்தேன். அவ்வளவு தூரம் போய் சும்மாவா வந்தா என்று அவளுக்கு ஒரே கோபம்.

ஆஸ்பத்திரியிலேயே அரசு வழக்கறிஞர் வந்தார், யாரையாவது அடையாளம் தெரியுமா என்று கேட்டார். உன் அப்பா கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றார். நான் பெயரை எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தார், இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. "ரெண்டு தெரு தள்ளி இருக்கறவன் பேர எழுதிக் குடுத்திருக்க! எனக்கும் சேத்துச் சவப்பெட்டி சொல்லிட்டு வந்துடு!" என்று கத்தினார். பிறகு அவரே உட்கார்ந்து சுவரைத் துடைத்தார். அவர்மேல் கோபப்படாதே, பயப்படாமல் இருந்தால்தான் தப்பு.

மறுநாள் காலையில் தெயோனிலா வந்தாள். தன் மீன்சாறுக் கடையிலிருந்து அப்படியே, ஏப்ரனோடு, கையில் வெங்காய வாசனையோடு. வாசலிலேயே நின்று, "அவனா?" என்றாள். தலையாட்டினேன். "சுட்டதும் அவனா?" அதற்கும் தலையாட்டினேன். ஓங்கி என் கன்னத்தில் அறைந்தாள், அந்தச் சுட்ட புண்மேலேயே. கழுத்து வரை மின்னல் வெட்டின மாதிரி வலி. அப்பா எழுந்துவிட்டார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு அடி அடிக்கக் கையை ஓங்கியவள் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் தெரியும்டி. வீடியோ பாத்தப்பவே தெரியும். அந்தச் சிரிப்ப நான் பெத்தவ" என்றாள். அழவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அவனுங்களே இவனத் தேடுறானுங்க. சிரிச்சு மாட்டிக்கிட்டானாம், இவனால எல்லாரும் மாட்டுவாங்களாம். என் தம்பியோட இறால் பண்ணையில ஒளிஞ்சிருக்கான். போலீஸ் புடிச்சா உசுரோட விடுவாங்களா, சொல்லு சொராய்டா" என்றாள். நம் ஜெயில்களில் நடப்பதை நீயும் பேப்பரில் பார்க்கிறாய். அவளே எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உன் அப்பாவைப் பார்த்து, "எலியோடோரோ, வண்டிய எடு" என்றாள். நேராக அரசு வழக்கறிஞரிடம் போய் இடத்தைச் சொல்லிவிட்டாள்.

உயிரோடு பிடித்தார்கள். தானும் கூட வருவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்துப் போயிருந்தாள், எதிரே அம்மா இருந்தால் சுட்டுவிட மாட்டார்கள் என்று. விலங்கு போட்டு இழுத்து வரும்போது அவன் அவள் முகத்தில் காறித் துப்பினானாம். "துப்பட்டும், துப்பறதுக்கு உசுரு இருக்குல்ல" என்று வந்து சொன்னாள். அன்று மாலையே அவள் கடையைக் கொளுத்திவிட்டார்கள், அடுப்பும் பெரிய அண்டாவும் உருகிப்போயின. இரண்டு நாள் கழித்து அவள் வீட்டு ஜன்னலில் குண்டு. குட்டையனும் மற்ற இருவரும் இன்னும் பிடிபடவில்லை.

நீ வர வேண்டாம். டிக்கெட் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம், பார்க்காதே. நாங்கள் வெள்ளிக்கிழமை க்வெங்காவுக்குப் போகிறோம், மலைமேல், உன் சித்தி வீட்டுக்கு. வழக்கு வரும்போது வந்து சாட்சி சொல்ல வேண்டும், அதற்குள் கொஞ்சமாவது குரல் வரும் என்கிறார் டாக்டர், பழைய மாதிரி வராதாம். அடுத்த படத்துக்கு வேறு பெண் குரல் கொடுப்பாள், கெட்டிக்காரி, அவளைப் பற்றி ஆல்பாவிடம் குறை சொல்லிவிடாதே. தரியோவைப் பற்றி நீ என்ன நினைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அழ வேண்டும் என்றால் அழு, மருமகனுக்கு மறைத்து அழாதே, அவனிடம் சொல்லிவிட்டு அழு. குளிர் தொடங்கிவிடும், ஷெட்டுக்குள் ஈரத்தில் நிற்கும்போது இரண்டு காலுறை போட்டுக்கொள். குழந்தைக்கு அந்த வீடியோவைக் காட்டிவிடாதே, படத்தைக் காட்டு.

உன்னையும் உன் வீட்டையும் கடவுள் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், கெட்ட கண் எதுவும் உங்கள் வாசல் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. தெயோனிலா இப்போது நம் வீட்டில், உன் அறையில்தான் படுத்துக்கொள்கிறாள், க்வெங்காவுக்கும் எங்களோடுதான் வருகிறாள். எனக்குப் பேச்சில்லை, அப்பாவுக்குப் பேசத் தெரியாது, அதனால் நீ கூப்பிட்டால் போனை எடுப்பது இனிமேல் அவள்தான். அவள் குரலைக் கேட்டதும் வைத்துவிடாதே.

உன் அம்மா
சொராய்டா