நண்டு எழுதியவன்

எபோவுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

கேப் கோஸ்ட் நகர மண்டபத்தில் நீ நம் ஊர்ப் பத்திரிகைகளின் வரலாற்றைப் பேசியபோது கடைசி வரிசையில் நானும் இருந்தேன். நன்றாகத்தான் பேசினாய். வெள்ளைக்காரன் பிடித்து உள்ளே வைப்பான் என்று அப்போதெல்லாம் யாரும் பெயர் போட்டு எழுதவில்லை என்றாய். வாராவாரம் அதிகாரிகளைக் கிள்ளிய 'நண்டு' பத்தியை மீன்காரிகள் கிழித்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, மற்றப் பக்கங்களில்தான் பொரித்த மீனைக் கட்டிக் கொடுப்பார்கள் என்றபோது மண்டபமே சிரித்தது.

"அந்த நண்டு யாருங்கய்யா?" என்று ஒருவன் கேட்டான்.

"இன்னுமா தெரியல? உங்க முன்னாடிதான் நிக்குது!" என்றாய்.

முன்வரிசையில் இருந்த உன் மனைவி அரபா கைதட்டினாள். "எனக்கு அப்பவே தெரியும். அந்தக் குசும்புக்காகத்தானே இந்த மனுசனைக் கட்டிக்கிட்டேன்!"

ஒவ்வொரு வாரமும் அந்தப் பத்தியை எழுதி உன் கையில் கொடுத்தவன் நான். அதை அச்சகத்தில் சேர்த்தது மட்டும்தான் நீ.

அது போகட்டும். அரபா இளைத்திருக்கிறாள். நீலம் அவளுக்கு இப்போதும் பொருந்துகிறது.

நம் பத்திரிகையின் வழக்கப்படி இதையும் பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். முதல் வரியிலேயே உனக்கு ஆள் தெரிந்திருக்கும். அரபா இதைப் படித்துவிட்டு, "யாரு இவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க?" என்று கேட்டால், வழக்கம்போல நீதான் என்று சொல்லிவிடு.