மஹியங்கனையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது

என் உயிர் உம்மாவுக்கு,

மையவாடி மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று உங்களுக்கு சலாம் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நம் ஊரில் பெண்கள் அதற்கு மேலே போவதில்லை. உங்களை எங்கே அடக்கியிருக்கிறார்கள் என்று உங்கள் மகன் காக்காவிடம் கேட்டேன். "அந்த வேம்புக்குப் பக்கத்தில" என்றார். உள்ளே எத்தனையோ வேம்பு நிற்கிறது, உம்மா. எந்த வேம்பு என்று திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இதை ஊரே வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் இவ்வளவு காலமும் மறைத்தது வெளியே வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதை நான் சொல்லாவிட்டால் சாச்சி சொல்வா. உங்கள் தங்கச்சியின் வாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பித்தப்பையில் கல் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனீர்கள். அங்கே புற்று என்று உங்கள் இடது மார்பை எடுத்தார்கள். பெற்ற மகன் காக்காவுக்கும் தெரியாது, கூடப் பிறந்த சாச்சிக்கும் தெரியாது. பழைய துணிக்குள் பஞ்சை வைத்து உங்களுக்கு உள்சட்டை தைத்துத் தந்தது நான். "என்ட பேத்திக்கு நாளைக்கு மாப்புள பேசப் போனா, அந்த வருத்தம் ஓடுற குடும்பம் எண்டு சொல்லுவாங்க" என்றீர்கள். உங்கள் பேத்தி, என் மகள் ஹனா, அப்போது பள்ளிக்கூடச் சட்டையோடு முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாள்.

கட்டு மாற்றிய ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நான் மௌத்தாகினா நீதான் என்னைக் குளிப்பாட்டணும். வேற ஒரு பொம்புளையும் என்ட நெஞ்சைப் பாக்கப்படா. எனக்கு வாக்குத் தா." தந்தேன். கேட்டவருக்கு அது எவ்வளவு லேசு. அதற்குப் பிறகு நான் ஓர் இரவுகூட வெளியூரில் தங்கவில்லை. சாச்சி மகளின் கலியாணத்துக்குக்கூட போன கையோடு திரும்பி வந்தேன். எனக்குத் திமிர் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு தடவை போனேன். ஹனாவின் வாப்பா லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பினார். விமான நிலையம்வரை வரச்சொல்லிக் கெஞ்சினார். நீங்களும் "போய்ட்டு வாகா, எனக்கென்ன, கல்லுமாதிரி இரிக்கன்" என்று தள்ளி விட்டீர்கள். காக்கா தன் புதிய கரண்ட் காரில் கொண்டுபோவதாகச் சொன்னார். அந்தக் கார் உங்களுக்கு நினைவிருக்கும். நற்பிட்டிமுனைவரை ஏறிப் போய்விட்டு வந்து, "சத்தமே இல்ல, மையித்துக் கொண்டு போறமாதிரி இரிக்கி" என்று சொன்னீர்கள். காரைப் பிணவண்டி ஆக்கிவிட்டீர்கள் என்று காக்கா இரண்டு நாள் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஊர்க்காரர்களும் அவரைச் சும்மா விடவில்லை. கொழும்புக்குப் போகும், திரும்பி வருமா என்று பள்ளிவாசல் முன்னால் நின்று கிண்டல் அடித்தார்கள். திரும்பி வந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டுத்தான் காக்கா புறப்பட்டார்.

ஹனாவின் வாப்பாவை அனுப்பிவிட்டு தெஹிவளையில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். காரை நிறுத்திய இடத்தில் பிளக் எட்டவில்லை. "போற வழியில ஏத்தலாம்" என்று காக்கா படுத்துவிட்டார். சுபஹ் தொழுதுவிட்டு எழும்பும்போது சாச்சியின் அழைப்பு வந்தது. "உம்மா எழும்பல்லகா. போயிட்டா." தூக்கத்திலேயே போயிருக்கிறீர்கள். யாருக்கும் ஒரு சொல்லும் சொல்லாமல் போவதுதானே உங்கள் பழக்கம்.

ஜனாஸாவைப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுப்பதாகத் தீர்மானித்தார்கள். நான் காக்காவிடம் வேன் பிடிப்போம் என்றேன். "காரை இஞ்ச போட்டுட்டு வேன்ல போய் இறங்கினா ஊர் சிரிக்கும் தங்கச்சி. அஸருக்கு முதல் கொண்டு போய் விடுறன், நீ ஏறு" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். அவருடைய அழுகையும் பொய்யில்லை, வீம்பும் பொய்யில்லை.

கண்டியில் எங்களுக்கு முன்னால் ஒரு கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒருவர் சீட்டைச் சாய்த்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் காக்கா பாதியிலேயே வயரைக் கழற்றினார். "மஹியங்கனைக்கு இறக்கம்தானே. பதினெட்டு வளைவிலயும் இறங்கக்குள்ள தானா ஏறும்" என்றார். அந்த இறக்கத்துக்கு முன்னால் ஒரு மலை ஏற்றம் இருக்கிறது என்பது அவருக்கு ஏனோ ஞாபகம் வரவில்லை.

ஏற்றம் சார்ஜைக் குடித்துத் தீர்த்தது. ஏசியை நிறுத்தினார். ஜன்னலைத் திறந்தால் காற்றுப் பிடித்து இன்னும் குறையுமாம், அதையும் மூடினார். கறுப்பு அபாயாவுக்குள் அவிந்துகொண்டு நான் யாசீன் ஓதினேன். கண் மட்டும் முன்னால் எரிந்த சார்ஜ் எண்ணிலேயே நின்றது. அன்று நான் உங்களுக்காக ஓதினேனா, பெட்டரிக்காக ஓதினேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எப்படியோ மஹியங்கனைக்கு இறங்கினோம். அங்கே கெதியாக ஏற்றும் சார்ஜர் இருட்டிக் கிடந்தது. பழுது, ஆள் வரும் என்றார் காவல்காரர். அன்று பௌர்ணமிப் போயா நாள், விகாரைக்கு வந்த சனத்தால் ஊர் நிரம்பி வழிந்தது. பக்கத்தில் ஒரு சிங்களப் பெண் நடத்தும் சாப்பாட்டுக் கடை இருந்தது. அவ தன் ஐஸ்கிரீம் பெட்டியின் பிளக்கைக் கழற்றி எங்கள் வயருக்கு இடம் தந்தா. அந்தச் சாதாரணப் பிளக்கில் ஏறி முடிய இரவாகிவிடும் என்று காரே எழுதிக் காட்டியது.

அந்த நேரம்தான் சாச்சி மறுபடியும் எடுத்தா. "தண்ணி, இலந்தை இலை, கற்பூரம் எல்லாம் ரெடி. பொம்புளையளும் வந்துட்டாங்க. நீ எங்ககா?"

"நான் வந்துதான் குளிப்பாட்டணும் சாச்சி. உம்மா எனக்கிட்டச் சொன்னவ."

"எல்லா உம்மாமாரும் மகளுக்கிட்ட அப்பிடித்தான் சொல்லுவாங்க."

காக்கா போனை என் கையிலிருந்து பறித்தார். மையித்தைக் காக்க வைக்கக்கூடாது, தொடங்குங்கள் என்று சொல்லப் போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏன் நீதான் குளிப்பாட்டணும்? காரணத்தைச் சொல்லு. சரியான காரணமெண்டா நிப்பாட்டச் சொல்றன்" என்றார்.

சத்தியமாக நிப்பாட்டியிருப்பார், உம்மா. அவர் வீம்புக்காரர், கெட்டவர் இல்லை. நான் வாயைத் திறந்தேன். சொன்னால் உங்களுக்குத் தந்த வாக்கு போகும். சொல்லாவிட்டால் உங்கள் நெஞ்சை அந்தப் பெண்கள் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை நீங்கள் எனக்கு வைத்துவிட்டுப் போகவில்லை. நான் "ஒண்டுமில்ல" என்றேன். காக்கா போனைக் காதில் வைத்து, "ஓம் சாச்சி, தொடங்குங்க" என்றார்.

மனம் கேட்காமல் நானே திரும்பவும் எடுத்தேன். "உள்ளுக்கு நீங்க மட்டும் நில்லுங்க சாச்சி" என்று கெஞ்சினேன். "ஒத்தையா எப்பிடிகா தூக்குற? உனக்கென்ன பைத்தியமா?" என்று வைத்துவிட்டா.

கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்துக் கல்முனை மீன் லொறி ஒன்று, கண்டியில் மீனை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், அந்தக் கடைக்குச் சாப்பிட வந்தது. சாரதி காக்காவுக்குத் தெரிந்தவர். முன்னால் ஓர் ஆளுக்குத்தான் இடம். காக்கா ஏறினார். நான் லொறிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ மையவாடிக்கு வரப் போறல்லதானே. ஊட்டுக்கு எப்ப வந்தாலும் உனக்கு ஒண்டுதான்" என்றார். "காரைப் பாத்துக்க. வயரைக் கழட்டிக்கிட்டுப் போயிடுவானுகள்."

"உம்மாட முகத்தைப் பாக்க வேணாமா காக்கா?"

"வீடியோ எடுத்து அனுப்பச் சொல்றன்."

அந்த வீடியோ வரவேயில்லை. அவரைப் பெற்ற வயிற்றிடம் சொல்லக்கூடிய மாதிரி ஒரு வார்த்தை இருந்தால் சொல்லுங்கள், உங்கள் மகனைப் பற்றி நான் அதைச் சொல்கிறேன். எனக்கு வந்ததெல்லாம் எழுத முடியாதவை.

இதைவிடக் கேவலம் பிறகுதான் வந்தது. லொறி போய் வெகுநேரம் ஆகவில்லை, காவல்காரர் சிரித்துக்கொண்டு ஓடி வந்தார். பழுது பார்க்கும் ஆள் வந்து, சார்ஜர் வேலை செய்கிறதாம். அதில் செருகினால் அரை மணித்தியாலம் போதும். அஸருக்கு முதல் ஊருக்குள் வந்துவிடலாம். சந்தூக்குப் பெட்டியை வீட்டை விட்டுத் தூக்குமுன் உங்கள் முகத்தைப் பார்த்துவிடலாம். சார்ஜர் அந்தா நிற்கிறது, கார் இந்தா நிற்கிறது, சாவி என் கையில் இருக்கிறது. ஓட்டத் தெரிந்த ஆள் மீன் லொறியில் போய்க்கொண்டிருக்கிறது. காக்காவுக்கு அடித்தேன். "இனி நான் என்ன செய்ற, பதியத்தலாவையைத் தாண்டிட்டன்" என்றார்.

பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த நாட்களில் வாப்பா எனக்குக் கார் பழக்க ஆசைப்பட்டார். நீங்கள் விடவில்லை. "பொம்புளப் புள்ள கார் ஓட்டிப் பழகி எங்க போகப் போறா" என்று கேட்டீர்கள். உங்களிடம் வரத்தான், உம்மா. வேறு எங்கேயும் இல்லை.

கடைக்காரப் பெண்ணுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். "அம்மாவா?" என்று கேட்டா. தலையாட்டினேன். வேன் பிடித்துத் தர, தனக்குத் தெரிந்த எல்லாருக்கும் போன் பண்ணினா. போயாவுக்கு எல்லா வேனும் ஓடிக்கொண்டிருந்தது. சாவியை அவ கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினேன். அம்பாறைவரை நின்றுகொண்டு வந்தேன். பஸ் அங்கே நின்றபோது அஸர் பாங்கு சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது.

பொழுது பட்டு, மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்குள் காலை வைத்தேன். காக்கா எழும்பி வந்தார். "காரை ஆருட்ட உட்டுட்டு வந்தாய்? வயர்?" என்பதுதான் முதல் கேள்வி. பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

சாச்சியை நீங்கள் குறை சொல்ல முடியாது. மையித்தில் கண்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது அவவுக்கும் தெரியும். அவ யாரிடமும் சொல்லவில்லை. அழுதா. "என்ட ராத்தா, உன்ட நெஞ்சை அறுத்துப்போட்டிருக்காங்களே, எனக்கிட்டயும் மறைச்சிட்டியே" என்று திரைக்குப் பின்னால் நின்று அழுதிருக்கிறா. வீட்டு மண்டபம் நிறைய இருந்த சனம் அதைக் கேட்டிருக்கிறது.

அடுத்த நாள் காக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அதைச் சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பனே" என்றார். அவர் சொன்னது சரி. அதற்காகவே அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்போது பள்ளிவாசல் முன்னால் நின்று, கொழும்புக்குப் போய்த் திரும்பிய கார் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். மஹியங்கனையில் ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில் அது தூங்கிய கதையை மட்டும் விட்டுவிடுகிறார்.

ஹனாவுக்கு சாய்ந்தமருதிலிருந்து வந்த கலியாணப் பேச்சு நின்றுபோயிற்று. "புள்ள இன்னும் கொஞ்சம் படிக்கட்டுமே, என்ன அவசரம்" என்று மாப்பிள்ளையின் உம்மா இனிக்க இனிக்கச் சொல்லி அனுப்பினா. நீங்கள் பயந்தது அப்படியே நடந்தது. இப்போது திருப்தியா என்று கேட்க நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

ஆனால் அந்தப் பிள்ளை மாப்பிள்ளைக்காக அழவில்லை. இரவுச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "எனக்கும் அது வரலாம்தானே உம்மா? ஏன் எனக்கிட்ட ஒருத்தரும் சொல்லல்ல?" என்று கேட்டாள். உங்கள் பேத்தியைக் கரைசேர்க்க ஊரிடம் மறைத்தீர்கள். அதை அவளிடமே மறைத்திருக்கிறோம் என்பது உங்களுக்கு ஒரு நாளாவது தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் போய் டொக்டரிடம் காட்டினோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார்.

உம்மா, உங்களுக்கு ஒரு வாக்குத் தந்து தோற்றவள், இன்னொன்று தருகிறேன். ஹனாவிடம் நான் எந்த வாக்கும் வாங்க மாட்டேன். நான் மௌத்தாகும்போது அவள் எந்த நாட்டில் இருந்தாலும் இருக்கட்டும், பக்கத்தில் நிற்கிற பெண்கள் என்னைக் குளிப்பாட்டட்டும், பார்க்கிறதைப் பார்க்கட்டும். அவள் வராவிட்டால் அவளுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். இதை அவள் கையைப் பிடித்துச் சொல்லியும்விட்டேன். அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள், அந்த நேரம் அவளுக்கு உங்கள் முகம் இருந்தது.

உங்களைக் குளிப்பாட்டக் கிடைக்காத உங்கள் மகள்,
றிஸ்வானா