முன்பக்கக் கண்ணாடி

இன்று காலை மருமகள் மீன் தொட்டியைக் கழுவினாள். இந்த ரவாங் வீட்டின் கூடத்தில் நம் மகன் வாங்கி வைத்திருக்கும் பெரிய தொட்டி அது. விளக்கு உண்டு, குமிழி விடும் குழாய் உண்டு. அவள் தண்ணீரை வாளியில் இறக்கியதுமே அந்த வாடை என்னிடம் வந்துவிட்டது. மழை விட்டபின் லோங்காங் சாக்கடை ஓரத்தில் ஒரு பச்சை வாடை எழும்புமே, அதேதான். நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் எழுவதற்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

“அத்தை, இந்தப் பாசிய அப்படியே விட்டுறலாமா, இல்ல முழுசா சொரண்டணுமா? கடக்காரன் ஒன்னு சொல்றான், உங்க மகன் ஒன்னு சொல்றாரு லா.”

“முன்பக்கத்த மட்டும் தேயிம்மா. மத்த மூனு பக்கத்தையும் விட்டுரு.”

“யாரு சொன்னா?”

“உங்க மாமா.”

அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். நீங்கள் மீன் வளர்த்தவர் என்பதே அவளுக்குத் தெரியாது. விவரமாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உங்களிடம் என்றால் பாதி சொன்னால் போதும்.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் துரை பங்களாவில் வேலை செய்தவள். தொட்டியைத் துடைப்பது என் பொறுப்பு. துடைத்து முடித்ததும் துரைசாணி கையை விட்டுக் கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். வழுவழுவென்று ஏதாவது ஒட்டினால் மறுபடியும் தேய்க்க வேண்டும். தேங்காய் நாரைப் பிடித்துத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனிகள் எப்போதும் ஊறிப்போயிருக்கும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் வந்தது; அவர்கள் தோட்டத்துப் பாதையில் துரையின் காரைச் சுட்டார்கள். அதன்பிறகு துரைசாணி சீமைக்குக் கப்பலேறினாள். போகும்போது தொட்டியையும் மிச்சமிருந்த இரண்டு தங்க மீன்களையும் எனக்குக் கொடுத்தாள். சுத்தமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

பங்களா வேலை போனது. நானும் உங்களோடு பால் மரம் வெட்ட வந்தேன். சிதறிக் கிடந்த லயத்து வீடுகளைப் பிரித்து, பெரிய ரோட்டோரமாக முள்கம்பி வேலிக்குள் எல்லாரையும் குடி வைத்ததும் அப்போதுதான். சாமான் ஏற்ற லோரியில் இடமில்லை என்றார்கள். நீங்கள் தொட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள். மீன்கள் என் கையிலிருந்த வாளியில் வந்தன.

புது வீட்டிலும் நான் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். வயிற்றில் பிள்ளை. இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். வேலிக் கதவில் சோதனைக்கு நிற்க வேண்டும். காட்டுக்காரர்களுக்கு அரிசி கடத்துகிறோமா என்று பார்ப்பார்கள். சோதனைக்காரி ஒருத்தி, மூட்டையை அழுத்திப் பார்ப்பதுபோல் என் வயிற்றை அழுத்திப் பார்ப்பாள். பகலெல்லாம் மரம் வெட்டி, பாலைக் கொட்டிவிட்டு வந்து, குனிந்து கண்ணாடியைத் தேய்ப்பேன். ஒருநாள் நீங்கள் வந்து என் கையிலிருந்த நாரைப் பிடுங்கினீர்கள்.

“ஏ புள்ள, எதுக்கு இந்தப் பாடு படுற?”

“பாசி புடிச்சா அசிங்கமா இருக்கும்ங்க.”

“யாருக்கு அசிங்கம்? தொரசாணிதான் கப்பலேறிட்டாளே. மீனு அந்தப் பாசியத்தான் கொறிக்குது. நீ போயிப் படு.”

போய்ப் படுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு வேலையைச் செய்யாதே என்று யாரோ சொன்னது அதுதான் முதல் தடவை. எட்டு வயதிலிருந்து செய் செய் என்றுதான் கேட்டிருக்கிறேன். பாய் சில்லென்றிருந்தது. அழுகை வந்தது. நீங்கள் பார்க்கவில்லை.

பாசி வளர்ந்தது. முதலில் மூலைகளில் புள்ளி புள்ளியாக, பிறகு திரை போட்டதுபோல். மத்தியான வெயில் பலகைச் சந்தில் நுழைந்து தொட்டியில் விழும்போது வீட்டுக்குள் பச்சை வெளிச்சம் பரவும். பக்கத்து வீட்டு மாரியாயி எட்டிப் பார்த்து, “என்னாக்கா, வீட்டுக்குள்ள குட்டை வெட்டி வச்சிருக்கீங்க?” என்று கேலி செய்வாள். நீங்கள் அதற்கும் சிரிப்பீர்கள். உங்கள் சிரிப்பு அப்போது பெரிய சிரிப்பு. நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

அந்தச் சிரிப்புத்தான் நம்மை மாட்டிவிட்டது.

வீடு வீடாகச் சோதனை போட அவர்கள் வந்தது ஒரு மத்தியானம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவன், துப்பாக்கியோடு இரண்டு மலாய் போலீஸ்காரர்கள், மொழிபெயர்க்க நம் தோட்ட ஆபீஸ் கிராணி. அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். மாதா படத்துக்குப் பின்னால் தடவினார்கள். பிறகு அந்த அதிகாரி தொட்டிக்கு முன்னால் நின்றான். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை.

“உள்ள என்னாத்த மறைச்சு வச்சிருக்கேன்னு கேக்குறாரு,” என்றார் கிராணி.

“மீனுங்க ஐயா. ரெண்டு மீனு,” என்றீர்கள்.

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் முழங்கைவரை உள்ளே விட்டான். அடியிலிருந்த மணலைக் கிளறினான். கையை வெளியே எடுத்தபோது முழங்கை வரைக்கும் பச்சையாக நூல் நூலாகப் பாசி தொங்கியது. உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தீர்கள், எனக்குத் தெரியும். அது இருமல் மாதிரி ஆரம்பித்து வெடித்துவிட்டது.

அவன் கிராணியிடம் எதுவும் கேட்கவில்லை. தொட்டி இருந்த பெஞ்சைப் பூட்ஸ் காலால் உதைத்தான். தொட்டி சரிந்து சுவரில் சாய்ந்து நின்றது. தண்ணீர் பாதி கொட்டியது. ஒரு மீன் தரையில் துள்ளியது. நான் அதை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் உங்களை லோரியில் ஏற்றிவிட்டார்கள். கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதாகக் கிராணி சொன்னார். “சிரிக்காம இருந்திருக்கலாம்மா,” என்றும் சொன்னார்.

துள்ளிய மீன் செத்துப்போனது. அன்று சாயங்காலமே அந்தத் தொட்டியைத் தேய்த்தேன். நான்கு பக்கமும் தேய்த்தேன். மணலைக்கூட அரிசி களைவதுபோல் களைந்தேன். பங்களாவில்கூட அது அப்படி மின்னியதில்லை. யார் வந்து பார்த்தாலும் இந்த வீட்டில் மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. ஆனால் புதுத் தண்ணீர் ஓரிரு நாளில் பால்போல் கலங்கியது. ரேஷன் சோற்றில் ஒரு பருக்கை போட்டால் அதுவும் ஊறிக் கெட்டது. மிச்சமிருந்த மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். வேலைக்குப் போனேன், கதவில் நின்றேன், வந்தேன், ஜெபமாலையைப் பிடித்தபடியே தூங்கிப்போனேன்.

பிள்ளை பிறப்பதற்கு முன்பே உங்களை விட்டுவிட்டார்கள். தாடியோடு வாசலில் வந்து நின்றீர்கள். என் வயிற்றைப் பார்த்தீர்கள், பிறகு தொட்டியைப் பார்த்தீர்கள். உங்களை எதுவும் கேட்காமல் வெந்நீர் வைத்தேன். குளித்துவிட்டு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினீர்கள்.

“பாவம், இது பட்டினியா கெடக்கு,” என்றீர்கள்.

“மறுபடியும் பாசி வந்தா வருவாங்கங்க. எனக்குப் பயமா இருக்கு.”

முன்பக்கக் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “முன்னால இருக்கிற கண்ணாடிய மட்டும் தேயி. அவனுங்க வந்து பாக்குறதுக்கு அது போதும். மத்த மூனு பக்கமும் மீனுக்கு.”

அப்படியே செய்தோம். முன்பக்கம் தெளிவாக, மற்றது பச்சையாக. தண்ணீரும் தெளிந்தது. அந்த மீன், நம் மகன் தவழ்ந்து வந்து தொட்டியைத் தட்டும் காலம்வரை உயிரோடிருந்தது. அதிகாரிகள் மறுபடியும் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அப்போது நீங்கள் கைகள் இரண்டையும் தொடையில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றீர்கள், தரையைப் பார்த்தபடி.

அங்கே உங்களை என்ன செய்தார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் அங்கே இன்னொரு முறை போய்வர வேண்டுமே என்றிருந்தது. ஆனால் வேலிகளைப் பிடுங்கி, நாடு சுதந்திரமாகி, பேரப்பிள்ளைகள் வந்த பிறகும், வாசலில் ஒரு லோரி வந்து நின்றால் நீங்கள் எழுந்து நிற்பீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவீர்கள். கை தொடையில் ஒட்டிக்கொள்ளும். நான் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பேன். அப்புறம்தான் உட்காருவீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மகன் என்னை இங்கே கூட்டிவந்துவிட்டான். இந்தத் தெருவுக்குக் குப்பை லோரி வருகிறது, கேஸ் லோரி வருகிறது. மருமகள் வேலைக்குப் போயிருப்பாள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். வாசலில் இன்ஜின் சத்தம் நிற்கும்போது வீட்டில் வேறு யாரும் இருப்பதில்லை. என் வாய் சும்மா இருப்பதில்லை.

“ஒன்னுமில்லங்க. நீங்க உக்காருங்க.”