நாலு பக்கமும் சாக்கு

செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பிக்கு,

ஏண்டாப்பா, சௌக்கியமா? வேளைக்குச் சாப்பிடுறியா? பல்வலி விட்டுச்சா? நானும் அம்மாவும் நல்லாயிருக்கோம். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்ணு அப்படியே நீதான், எப்பப் பாத்தாலும் மொறைச்சுக்கிட்டே நிக்குது. எதுக்கு எழுத வந்தேன்? ஆங், ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு துணி வியாபாரி வந்தான். உங்க தளபதி அங்க சந்தையில வச்சு மூணு பேர் தலையை வெட்டி, கோட்டை வாசல்ல குத்தி வச்சிருக்கானாம். "வெட்டினது கசாப்புக் கைங்க, ஒரே வெட்டு"ன்னான். படைக்குக் கறி வெட்டத்தானே உன்னைக் கூட்டிட்டுப் போனாங்க? அது நான் இல்லைன்னு ஒரு வரி எழுது.

உன் அண்ணன்

வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்தான். கத்தாத. தளபதி விவரமானவர். ஒருத்தனை ஊர் பாக்க வெட்டினா ஆயிரம் பேரை வெட்ட வேண்டியதில்லைங்கிறார். பாத்தவன் அடுத்த ஊருக்குப் போய் ஒண்ணைப் பத்தாச் சொல்லுவான். அந்த ஊர்க் கதவு தானாத் திறக்கும். வெட்டுறதைப் பாக்கப் பிள்ளைங்களை முன்னாடி நிறுத்துறதும் அதுக்குத்தான். அடுத்து நம்ம ஊரு. எங்க ஆளுங்க முன்கூட்டியே வருவாங்க. சொன்ன வேலையைச் செஞ்சு குடு, வாயைக் குடுக்காத. வந்து வீட்டுல சாப்பிடுறேன்னு அம்மாகிட்ட சொல்லு.

தம்பி

ஞாயிறு மத்தியானம்

தம்பி,

அன்புள்ளன்னு எழுதக் கை வரல. உன் கடுதாசியைப் படிச்சதும் சோத்தை நாய்க்கு வச்சேன். அதுவும் மோந்துட்டுப் போயிருச்சு. பிள்ளைங்களை முன்னாடியா? த்தூ!

நீ சொன்னபடியே நம்ம ஊர்க் கதவும் தானாத் திறந்துச்சு. கொல்லர் மட்டும் உங்க குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டேன்னுட்டார். அவரைக் கட்டிப் போட்டுட்டு, சந்தையில வெட்டுற இடம் தயார் பண்ணுன்னு எனக்கு உத்தரவு. கட்டை போட்டேன். மணல் கொட்டினேன். கசாப்புக் கடைக் கைப்பழக்கம், நாலு பக்கமும் சாக்கை இழுத்துக் கட்டிட்டேன். சத்தியமா வேணும்னு செய்யல. ஒரு ஆடு அறுபடுறதை இன்னொரு ஆடு பாக்கக் கூடாதுன்னுதானே அப்பா நம்மளை வளர்த்தார்? ஒரு தடவை மழையில சாக்கு நனைஞ்சு அவுந்து, அவரு கத்தியைக் கீழ போட்டுட்டு... சரி, அந்தக் கதை எதுக்கு இப்ப.

சாயங்காலம் யாரு எங்க நிக்கணும்னு காட்ட, காலையிலயே ஊரை ஓட்டிட்டு வந்து நிறுத்தினாங்க. உங்க சிப்பாய்த் தலைவன் குதிச்சான். "யோவ், என்னய்யா இது? ஊரு பாக்கணும்யா!"

"ஊரு பாக்கக் கூடாதுன்னுதானேய்யா கட்டுறது!" வாயில வந்துருச்சு.

நடுங்கி நின்ன கூட்டம் குபீர்னு சிரிச்சிருச்சு தம்பி. அதைத்தான் அவனால தாங்க முடியல. "அவுருடா"ன்னான். அவுக்க மாட்டேன்னேன். அதை நான் வேணும்னுதான் சொன்னேன். சாயங்காலம் வெட்டுறவன் வருவானாம். கொல்லருக்கு முன்னாடி நானாம். வாசல்ல ஒரு சின்னச் சிப்பாய் காவல் நிக்கிறான். உன்கிட்ட சேக்கச் சொல்லி அவன் கையிலயே இதைக் குடுக்கப் போறேன், பாவம், நல்ல பையனாட்டம்தான் இருக்கான்.

வெட்டுறவன் யாருன்னு அம்மாவுக்குத் தெரியாது. சின்னவன் வரான்னு உலை வச்சிருக்கா. ஒருத்தர் விடாம வந்து நிக்கணும்னு தண்டோரா போட்டாச்சு, அவளும் வருவா. இந்தா, "எந்திரிங்க, நேரமாச்சு"ன்னு காவல்காரன் கூப்பிடுறான். வரேன்யா, ஒரு வரி! தம்பி, நீ கத்தியைத் தொடுறதுக்கு முன்னாடி அம்மாவை