புயல் வந்தால் இங்கே வராதே

அன்பு மகள் கொரினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ட்ரேவிஸும் வயிற்றிலிருக்கிற குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் பொழுது விடிந்தால் எனக்கு நினைப்பு. கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறை, ஊறுகாய் பாட்டிலைக் கண்ணில் படாத இடத்தில் வை.

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து நிற்கிறார், அதனால்தான் கடிதம். ஜூன் பிறந்துவிட்டது, இனி புயல் காலம், வண்டியில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க அவர் விடுவதில்லை. நிலவறையில் பீன்ஸ் டப்பா இன்னும் இரண்டு அடுக்கு ஏறியிருக்கிறது, உனக்கும் குறுக்குச் சாலைகளைச் சிவப்பு மையில் குறித்து வரைபடம் அனுப்பியிருக்கிறாராம். "சிட்டிங்கறது எலிப்பொறி, புயல்னு பேச்சு வந்ததுமே கொரின் ஹூஸ்டனை விட்டுக் கிளம்பி இங்க பண்ணைக்கு வந்துடணும்" என்று சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். மாப்பிள்ளையும் சரி என்றாராம். உனக்கு ஆகஸ்ட் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள், புயலும் அப்போதுதான் வரும், எனக்குத் தூக்கமே போய்விட்டது.

கொரின், இங்கே வராதே. பெற்றவள் இப்படி எழுதலாமா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மே மாதக் காற்றில் போன கரண்டு ஒன்பது நாள் வரவில்லை, கிணற்று மோட்டார் ஓடவில்லை, ஜெனரேட்டர் மூன்றாம் நாளே படுத்துவிட்டது, அப்பா சேர்த்துவைத்த பீப்பாய்த் தண்ணீரில் பாசி. இதையெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். டவுனில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள், அடுத்தது எழுபது மைல் தள்ளி, நல்ல மழைக்கு ஓடைப் பாலமும் முழுகிவிடும். உன் வீடு மேட்டில், மூன்றாம் மாடி, ஆஸ்பத்திரி நாலு தெருவில் இருக்கிறது.

இனி எழுதுவதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. உனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். அப்போது நாங்களும் ஹூஸ்டனில்தான் இருந்தோம், எனக்கு ஏழாம் மாதம். எங்கள் பகுதியை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை, ஊரே போகிறதே என்று நாங்களும் கிளம்பினோம். நாலு மணி நேர வழி, இருபத்திரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் நின்றோம். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று எல்லாரையும் போல ஏ.சி.யை அணைத்தோம், தண்ணீர் மத்தியானமே தீர்ந்தது, வலி வந்துவிட்டது. பின் சீட்டில் பிறந்தாள், ஆம்புலன்ஸ் வர வழியில்லை, ஒரு மணி நேரம் மூச்சு விட்டாள். புயல் கடைசியில் வேறு பக்கம் போயிற்று, விட்டுவந்த வீட்டில் ஒரு ஜன்னல்கூட உடையவில்லை. முந்தின நாளே கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று அப்பா நினைக்கிறார், இந்தப் பண்ணையும் டப்பாக்களும் அதற்காகத்தான். கிளம்பியதே தப்பு என்று நான் நினைக்கிறேன். இதை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. உன்னைப் பெற்றபோது முதல் பிரசவமா என்று நர்ஸ் கேட்டாள், அப்பா முந்திக்கொண்டு ஆமாம் என்றார், நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் பிறந்ததும் பஸ் ஏறி உன்னிடம் வருகிறேன் என்று நேற்று அவரிடம் சொன்னேன். கத்துவார் என்று பயந்தேன். வெகுநேரம் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, "நீ அவ பக்கத்துல இரு வெர்னா" என்றார், அவ்வளவுதான்.

அதிகாரிகள் உங்கள் பகுதியைக் காலி செய்யச் சொன்னால் மட்டும் மறுபேச்சு வேண்டாம், உடனே கிளம்பு, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள், ஏ.சி.யை அணைக்காதே. அப்பாவிடம் எதையும் கேட்காதே. கர்த்தர் உன்னையும் உன் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இரண்டு பெண்களைப் பெற்ற உன் அம்மா,
வெர்னா