பஞ்சுக்கு அடியில்

ஒக்டோபர் 10, வெள்ளி

காலையிலிருந்து தூறல். ஹவுன்ஸ்லோவில் ஓர் இறைச்சிக் கடையின் குளிர் அறை பழுது. மத்தியானத்தோடு முடிந்தது. தோள் நோவு பரவாயில்லை.

19ஆம் திகதி ஞாயிறு, துப்பாக்கி சுடும் கிளப்பில் விருந்தினர் நாள். அபி வருகிறாள்! தானாகவே போன் எடுத்தாள். "அப்பா, உங்கட அந்தப் பெரிய றைபிளை நானும் ஒருக்கா ட்ரை பண்ணலாமா?" கோலியர்ஸ் வுட்டில் தனியாக அறை எடுத்துப் போன மகள். போகும்போது நான் போட்ட சண்டைக்குப் பிறகு, இரண்டு வருடமாக "ஓம்", "இல்லை", "அம்மாட்டக் குடுங்கோ" மட்டும்தான். சந்தோஷத்தில் யோசிக்காமல் சம்மதித்துவிட்டேன்.

அந்த றைபிள் எருமை சுடுவதற்கென்று செய்த பழைய சாமான். கடைத் தோட்டா போட்டால் தோளைக் கழற்றிக் கையில் தந்துவிடும். அபி என் நெஞ்சு உயரம். எனக்கோ வெட்டித் தைத்த தோள். ஆகவே நான் வீட்டில் செய்கிற மெல்லிய தோட்டாதான். பெரிய பித்தளைக் கோதுக்குள் கொஞ்ச வெடிமருந்து. அது உள்ளே ஓடித் திரியாமல் மேலே ஒரு சிட்டிகை இலவம் பஞ்சு. அதற்கு மேல் சன்னம், அதாவது ஈயக் குண்டு. உதையும் குறைவு, சத்தமும் குறைவு. சுவிஸில் இருந்த காலத்தில் பழகிய வேலை. லைசென்ஸ், பூட்டுப் பெட்டி எல்லாம் ஒழுங்கு.

அவளுக்கும் சொல்லி வைத்தேன். "மெல்லிசாத்தான் கேக்கும் பிள்ளை. பயப்பிடாதை."

பின்னேரம் மாடியில் சின்ன அறை. துளைப் பலகையில் ஐம்பது கோது. மருந்து போடாதது கவிழ்ந்து நிற்கும், போட்டது நிமிர்ந்து நிற்கும். எல்லாம் போட்டதும் டோர்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பார்க்க வேண்டும். பஞ்சு வைத்த பிறகு ஒன்றும் தெரியாது.

பாதி வேலையில் மனைவி ஈஸ்வரி உள்ளே வந்தாள். கையில் சாம்பிராணித் தட்டு, அதில் கண கண என்று நெருப்புத் தணல். வெள்ளிக்கிழமை! கதவைப் பூட்ட மறந்துவிட்டேன். மருந்துப் போத்தல் மூடி திறந்தபடி மேசையில்.

"ஒரு அறையும் விடக்கூடாது எண்டு கோயில்ல சொன்னவை. உங்களுக்குத் தோள் போனதே இந்த அறைக்குப் புகை காட்டாததாலதான்."

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எழும்பிய வேகத்தில் முழங்கை பட்டு நாலைந்து கோது சாய்ந்தது. அவளைக் கீழே இறக்கி விட்டு வந்தேன். குசினியில் அழுகிற சத்தம். மேசையைத் துடைத்தேன், சாய்ந்ததை நிமிர்த்தினேன், மிச்சத்துக்கு மருந்து போட்டேன். பஞ்சு, சன்னம், பிரெஸ்ஸில் ஓர் அழுத்து. முடிந்தது.

இரண்டு பேரும் பேசாமல் இடியப்பம்.

ஒக். 11, சனி

வெயில், ஆனால் குளிர். மரக்கறிக் கடை வரிசையில் நிற்கும்போது திடீரென்று: டோர்ச் அடித்தேனா?

அடித்திருப்பேன். எப்போதும் அடிப்பேனே. கையில் டோர்ச் இருந்தது ஞாபகம் வருகிறது. அது நேற்றா, போன மாதமா?

தணல் வரும்போது எந்த வரிசையில் நின்றேன் என்பதும் ஞாபகமில்லை. சாய்ந்ததில் எது எங்கே நின்றது? ஒரே கோதில் இரண்டு தரம் போட்டிருந்தால்? மருந்து இவ்வளவு கொஞ்சம் என்பதால் இரட்டிப்பாக விழுந்தாலும் வழியாது, தெரியாது. சுடும்போது றைபிளே வெடிக்கும். அபியின் கன்னம் அதில்தான் சாய்ந்திருக்கும்.

கறிவேப்பிலை வாங்காமல் வந்ததற்கு ஈஸ்வரியிடம் பேச்சு. இப்போது பேசுகிறாள், அதுவரைக்கும் நல்லது.

ஒக். 13, திங்கள்

மழை. வேலைக்குப் போகிற வான் வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும்.

வேலையால் வந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். பிரயோசனமில்லை. நாலு விதமான பழைய கோதுகள், நானே வார்த்த ஈயம். ஒவ்வொன்றும் ஒரு நிறை. அந்த வித்தியாசத்துக்குள் மருந்தின் நிறை மறைந்துவிடுகிறது.

காதருகே வைத்துக் குலுக்கினேன். சத்தமே இல்லை. சத்தம் வராமல் இருக்கத்தானே பஞ்சு. பஞ்சு வைத்த கெட்டிக்காரனும் நான்தான்.

மூடி, பூட்டி, சாவியை எடுத்தேன். திரும்பப் போய்ப் பூட்டியிருக்கா என்று பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை.

ஒக். 15, புதன்

ஹவுன்ஸ்லோ போன இடத்தில் டொக்டர் ராகவனைச் சந்தித்தேன். கிளப்பில் கூட்டாளி, சென்னைக்காரர், வயிற்று ஒப்பரேஷன் செய்கிறவர். யாரோ ஒரு தெரிந்தவருக்கு நடந்தது போலச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

"சந்தேகம் வந்துடுச்சுன்னா எல்லாத்தையும் கழட்டிடுங்க சார். ஆபரேஷன் முடிஞ்சு பஞ்சு எண்ணிக்கை ஒண்ணு குறைஞ்சா நாங்க என்ன பண்றோம்? தையல் போட்டிருந்தாலும் திரும்பத் திறக்கிறோமில்ல? அதுல என்ன வெக்கம்?"

வெட்கம் என்னவென்று அவருக்குத் தெரியாது. அபி வீட்டை விட்டுப் போன சண்டையே அதுதான். ஒருநாள் காஸ் அடுப்பை நிறுத்த மறந்தாள். "தனிய இருக்க உனக்குக் கவனம் காணாது" என்று எத்தனை தடவை சொன்னேன்! தாய்க்கு முன்னால், விருந்தாளிகளுக்கு முன்னால். இப்போது நான் போய், பிள்ளை, எனக்குக் கவனம் காணாமல் போய்விட்டது என்று சொல்ல வேண்டும்.

தோட்டா சரியில்லை, வேறு நாள் பார்ப்போம் என்று சமாளிக்கலாம். அடுத்த விருந்தினர் நாள் எப்போதோ. அதுவரை அவள் கேட்டுக்கொண்டு இருப்பாளா?

அபி மெசேஜ்: "அப்பா, கிளவ்ஸ் வேணுமா? நான் ஜிம் போகத் தொடங்கிட்டன் 💪". பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினேன்.

ஒக். 16, வியாழன்

கடை ஒன்றில் பெட்டி விழுந்த சத்தத்துக்கு நான் துள்ளியதைப் பார்த்து முதலாளிப் பெடியன் சிரித்தான். ஊரில் எத்தனையோ வெடிச் சத்தம் கேட்டவன். அப்போதுகூட இப்படி இல்லை. அவை யாரோ செய்த குண்டுகள். இது என் கையால் செய்தது.

அபி போன். "உங்கட குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" தடிமன் காய்ச்சல் என்றேன்.

ஒக். 18, சனி

மத்தியானம் அபி வந்தாள். இரவு தங்கி நாளைக்கு என்னோடு வருவதாக ஏற்பாடு. புதுச் சப்பாத்து. தாய்க்கும் மகளுக்கும் குசினியில் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு மேலே இருக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து, சன்னம் கழற்றும் சுத்தியலை எடுத்தேன். தோட்டாவை அதன் தலைக்குள் பூட்டி, மரக்கட்டையில் அடித்தால் சன்னமும் மருந்தும் கழன்று உள்ளே விழும்.

மூன்றாவது அடிக்கு அபி வாசலில். "என்ன அடிக்கிறீங்கள்?"

சொல்லிவிட்டேன். சாம்பிராணி, டோர்ச், எல்லாம். அவளைப் பார்க்காமல் மரக்கட்டையைப் பார்த்துச் சொன்னேன்.

அபி உள்ளே வந்து மேசையோடு நின்றாள். பிறகு, "நான் காஸை மறந்ததுக்கு என்னெல்லாம் சொன்னனீங்கள், ஞாபகம் இருக்கா?"

"ஓம்."

"சரி. தாங்கோ அந்தச் சுத்தியலை. உங்கட தோளுக்கு இது ஏலாது."

ஈஸ்வரியிடம் வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்று வாங்கி வந்தாள். அவள் அடிக்க, நான் கோப்பையில் கொட்டிப் பார்ப்பேன். சன்னம், பஞ்சு, சின்னக் குவியல். பார்த்ததும் குவியலை வேறாக ஒதுக்குவேன். அடுத்தது. அதே சின்னக் குவியல். பெரிய குவியல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். முப்பது தாண்டியது. வரவில்லை. எனக்குச் சிரிப்பு வரத் தொடங்கியது. கிழமை முழுக்கச் சாகாமல் செத்தேனே! அபியும் சிரித்தாள். "ச்சும்மா பயந்திருக்கிறீங்கள் அப்பா."

அதற்குப் பிறகு ஒன்று. சன்னம் விழுந்தது. பஞ்சு விழுந்தது. தட்டினேன். இன்னும் தட்டினேன். வேறொன்றும் இல்லை.

"இதில மருந்தே இல்லை. அப்ப பிரச்சினை இல்லைத்தானே?" என்றாள்.

கதிரையில் இருந்தேன். சாய்ந்தபோது கொட்டிப்போன கோது. நானே நிமிர்த்தி வைத்தேன், நிமிர்ந்து நின்றதால் போட்டது என்று விட்டுவிட்டேன். இரண்டு தரம் போட்டதைத் தேடிக்கொண்டிருந்தேன். போடாததை நினைக்கவே இல்லை.

அவளுக்கு விளக்கினேன். மருந்து இல்லாவிட்டாலும் கோதின் அடியில் இருக்கிற பிரைமர் வெடிக்கும். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். அது சன்னத்தைக் குழலுக்குள் தள்ளிப் பாதியில் விட்டுவிடும். குழல் அடைத்திருக்கும், வெளியே தெரியாது. அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் முகத்தருகே குழல் வெடிக்கும்.

அபி கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சத்தம் குறைவா இருந்தா நான் ஒண்டும் யோசிச்சிருக்க மாட்டன். நீங்கதானே சொன்னனீங்கள், மெல்லிசாத்தான் கேக்கும் எண்டு."

"ஓம்."

"அடுத்ததைப் போட்டிருப்பன், என்ன?"

நானும் பக்கத்தில் நின்று, நல்லது பிள்ளை, அடுத்தது என்று சொல்லியிருப்பேன். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மிச்சத்தையும் கழற்றினோம். எல்லாம் சரி. ஈஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள்.

ஒக். 19, ஞாயிறு

வானம் மப்பு. காற்று இல்லை. பத்தரைக்குப் புறப்பட வேண்டும்.

நாளைக்கு வேண்டாம், நான் கிளப்பின் சின்ன றைபிளோடு நிற்கிறேன் என்று அபி சொல்வாள் என்று நேற்றே எதிர்பார்த்தேன். காலையில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து நின்றாள். "அஞ்சு தோட்டா காணும். ரெண்டு பேரும் சேர்ந்து செய்வம்."

கதவைப் பூட்டினேன். அவள் இழுத்துப் பார்த்தாள். வெளியே ஈஸ்வரி: "புகை ஒண்டும் இல்லை, விபூதிதான். வரேக்க பூசிக்கொண்டு போங்கோ!"

ஐந்து கோது, புது ஈயம். நான் மருந்து போட, அவள் டோர்ச்சோடு குனிந்து பார்த்து "ஓம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் நான் பஞ்சு வைப்பேன். அப்படிப் பேச்சு.

முதலாவது: ஓம். பஞ்சு.

இரண்டாவது: ஓம். பஞ்சு.

மூன்றாவதில் சத்தம் வரவில்லை. பஞ்சைப் பிடித்த விரல் அந்தரத்தில் நின்றது. அவளுடைய தலைமயிர் என் கையில் பட்டது. ஒரு கண்ணை மூடி, டோர்ச்சைச் சரித்து, இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"பொறுங்கோ அப்பா," என்றாள். "இன்னொருக்கா வடிவாப் பாக்கிறன்."